"தீப்பிடிக்காத பேட்டரி" என்று சொல்லும் நிறுவனப் பங்குகளை எப்படி எடைபோடுவது? (திட-நிலை, சோடியம்-அயனி)

#1 | வரவுசெலவு

திட-நிலை (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள்), சோடியம்-அயனி (லித்தியத்துக்குப் பதில் சோடியம்) என்று எந்த பேட்டரி நிறுவனத்தின் முதலீட்டாளர் விளக்கப்படத்தை எடுத்தாலும் "தீப்பிடிக்காது" என்ற சொல் முதல் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்காகவே பலர் கூடுதல் விலை கொடுத்துப் பங்கு வாங்குகிறார்கள். விவரம் தெரிந்தவர்களிடம் மூன்று கேள்வி. அதில் எவ்வளவு உண்மை? ஆய்வுக்கூட செல்லுக்கும் வண்டியில் ஏறும் பேக்குக்கும் (பல செல்களின் தொகுப்பு) நடுவே பணம் எங்கே கரைகிறது? ஆண்டறிக்கையில் எதைப் பார்த்தால் அது தெரியும்? ஐந்தாறு வருடம் தொடாமல் விடக்கூடிய பணம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். "இதை வாங்கு, அதை விற்றுவிடு" என்ற பதில் வேண்டாம்.

#2 | செல்_லைன்

முதல் கேள்விக்கு நேராகப் பாரிஸுக்குப் போகலாம். 2022 ஏப்ரலில் அங்கே ஒரே மாதத்தில் இரண்டு மின்சாரப் பேருந்துகள் எரிந்தன. நகரப் போக்குவரத்து நிறுவனமான ஆர்ஏடிபி அதே மாடல் பேருந்துகள் 149-ஐயும் ஓட்டத்திலிருந்து நிறுத்தியது. அவற்றில் இருந்தது லித்தியம் உலோக ஆனோடும் (எதிர்முனை) பாலிமர் எலக்ட்ரோலைட்டும் (அயனிகள் கடக்கும் ஊடகம்) கொண்ட பேட்டரி. அதாவது திட-நிலை. திரவ எலக்ட்ரோலைட் இல்லாமலேயே எரிந்தது.

காரணம் எளிது. திரவ எலக்ட்ரோலைட் பல எரிபொருள்களில் ஒன்று மட்டுமே. வழக்கமான செல்லில் நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். 80 முதல் 120 டிகிரிக்குள் ஆனோடின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் சிதைந்து வெப்பம் விடத் தொடங்கும். 130 டிகிரி வாக்கில் இரு முனைகளையும் பிரிக்கும் பாலிஎத்திலீன் செபரேட்டர் உருகும். அங்கே உள்ளுக்குள் ஷார்ட். 200 டிகிரியைத் தாண்டினால் என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) கேத்தோடு, அதாவது நேர்முனை, ஆக்சிஜனைக் கக்கும். அதன்பிறகு வெளிக்காற்றே தேவையில்லை, செல் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். இதுதான் தெர்மல் ரன்அவே.

திட-நிலையில் இரண்டாவது படி தள்ளிப்போகிறது. பீங்கான் செபரேட்டர் உருகாது. அது நிஜமான லாபம். ஆனால் கேத்தோடு பெரும்பாலும் அதே நிக்கல் கேத்தோடுதான், ஆக்சிஜனும் அதே ஆக்சிஜன்தான். ஆனோடு பக்கம் கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் உலோகம், உருகுநிலை 180.5 டிகிரி. உருகிய லித்தியம் ஆக்சிஜனைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சல்ஃபைடு வகை எலக்ட்ரோலைட் என்றால் ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அழுகிய முட்டை நாற்றத்தோடு நிற்காது, ஆளைக் கொல்லும் வாயு அது.

ஆகவே "தூண்டுவது கடினம்" என்று சொன்னால் நம்பலாம். "தீப்பிடிக்காது" என்று சொன்னால், எந்தச் சோதனையில், எத்தனை ஆம்பியர்-மணி செல்லில், எத்தனை சதவீத சார்ஜில் என்று கேளுங்கள். 0.1 ஆம்பியர்-மணி பவுச்சில் (பை வடிவச் செல்) ஆணி அடித்த வீடியோ எதையும் நிரூபிக்காது. அதில் இருக்கும் மொத்த ஆற்றலே ஒரு தீக்குச்சி அளவுக்குக் கொஞ்சம் மேல்.

#3 | தீ_தடுப்பு

செல்_லைன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பற்றியும் இதே குழப்பம் இருக்கிறது. எல்எஃப்பியில் பாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருப்பதால் கொழுந்துவிட்டு எரிவது குறைவு. அதை வைத்து "எல்எஃப்பி பாதுகாப்பானது" என்று முடித்துவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் 16-இல் பெய்ஜிங்கின் ஃபெங்தாய் பகுதியில் வெடித்த மின்சேமிப்பு நிலையம் எல்எஃப்பிதான். தீயணைக்கப் போன வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள்.

கொழுந்துவிட்டு எரியவில்லை என்றால் செல்லிலிருந்து வந்த வாயு எங்கே போனது என்பதுதான் கேள்வி. எல்எஃப்பி செல் கட்டுமீறும்போது (தெர்மல் ரன்அவே) வரும் வாயுவில் ஹைட்ரஜனின் பங்கு அதிகம். அது எரியாமல் அறைக்குள் சேர்ந்தால் அறையே வெடிமருந்துப் பெட்டி. ஒரு பொறி, அல்லது கதவைத் திறந்து காற்று உள்ளே போவது போதும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சேமிப்பு நிலையத்தில் நடந்த விபத்தும் அப்படித்தான். அங்கே இருந்தது என்எம்சி. கதவைத் திறந்த சில நிமிடங்களில் வெடித்து வீரர்கள் காயப்பட்டார்கள். வேதியியல் வேறு, முடிவு ஒன்று.

பாதுகாப்பு செல்லில் பாதி, கட்டிடத்தில் பாதி. 2025 ஜனவரி 16-இல் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் எரிந்த 300 மெகாவாட் நிலையத்தில் பேட்டரிகள் பழைய டர்பைன் கட்டிடத்துக்குள் ஒரே கூரையின் கீழ் அடுக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் பிடித்த தீ பரவ வழி இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் அதே இடம் மறுபடி புகைந்தது. இன்று கட்டப்படும் நிலையங்களில் தனித்தனி கன்டெய்னர், நடுவே இடைவெளி, கூரையில் வெடியழுத்தம் வெளியேறும் பலகை, வாயு சென்சாரோடு காற்றோட்டம் என்று இருக்கும். சேமிப்புத் திட்ட நிறுவனத்தின் பங்கை எடைபோடுபவர் முதலில் நிலையத்தின் படத்தைப் பாருங்கள். கட்டிடமா, கன்டெய்னரா?

#4 | வரவுசெலவு

இவ்வளவு தெளிவாக எங்கேயும் படித்ததில்லை, நன்றி. சோடியம் எப்படி? அதில் லித்தியமே இல்லையே, இந்தத் தொல்லை இருக்காதுதானே?

#5 | செல்_லைன்

இருக்கும். சோடியம்-அயனி செல்லிலும் எலக்ட்ரோலைட் அதே எரியும் கார்பனேட் திரவம்தான். கேத்தோடு அடுக்கு ஆக்சைடு என்றால் அதுவும் ஆக்சிஜன் விடும். பிரஷ்யன் நீலம் வகை என்றால் உலோக ஆக்சைடு தொல்லை இல்லை, ஆனால் அந்தப் பொருளின் எலும்புக்கூடே சயனைடு. மிக அதிக வெப்பத்தில் ஹைட்ரஜன் சயனைடு வரக்கூடும். சோதனை அறிக்கையில் வாயுப் பகுப்பாய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

சோடியத்தின் உண்மையான பாதுகாப்பு பலம் ஒன்று உண்டு, விளக்கப்படங்களில் அதைக் கடைசியில் போடுகிறார்கள். லித்தியம் குறைந்த மின்னழுத்தத்தில் அலுமினியத்தோடு சேர்ந்து கலவையாகிவிடும், அதனால் ஆனோடு பக்கம் செம்புத் தகடு கட்டாயம். செல்லை முழுக்கக் காலி செய்தால் அந்தச் செம்பு கரையும். மறுபடி சார்ஜ் போடும்போது கண்ட இடத்தில் படிந்து ஷார்ட் ஆக்கும். சோடியம் அலுமினியத்தோடு அப்படிச் சேராது. இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு போடலாம், செல்லைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இறக்கிக் கப்பலில் ஏற்றலாம். ஆற்றலே இல்லாத செல் தானாகத் தீப்பிடிக்காது. கிடங்கு, லாரி, பழுதுபார்ப்பு எல்லா இடத்திலும் இது பெரிய விஷயம்.

இதற்கு எதிர்ப்பக்கம்: எல்எஃப்பி 2.5 முதல் 3.65 வோல்ட்டுக்குள் வேலை செய்யும். சோடியம் செல் 1.5 முதல் 4 வரை ஊசலாடும். இருக்கிற இன்வெர்ட்டரில் அப்படியே மாட்ட முடியாது. மாட்டினால் அடிப்பகுதிக் கொள்ளளவு பயன்படாமல் கிடக்கும். "ஏற்கனவே உள்ள சாதனங்களோடு பொருந்தும்" என்ற வாக்கியத்தை இந்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

#6 | கணக்கன்

சோடியத்தின் விலைக் கணக்கை நான் போடுகிறேன், முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

ஒரு கிலோவாட்-மணி எல்எஃப்பிக்கு லித்தியம் கார்பனேட் கணக்கில் சுமார் 0.6 கிலோ தேவை. 2022 நவம்பரில் சீனாவில் லித்தியம் கார்பனேட் டன் 6 லட்சம் யுவானைத் தொட்டு நின்றது. அப்போது ஒரு கிலோவாட்-மணியில் லித்தியத்துக்கு மட்டும் 360 யுவான். சோடியம் நிறுவனங்களின் திட்ட அறிக்கைகள் பலவும் எழுதப்பட்டது அந்தக் காலத்தில். 2025 நடுவில் விலை டன்னுக்கு 60,000 யுவான் அளவுக்கு விழுந்தது. அதே கணக்கில் 36 யுவான், சுமார் 5 டாலர். சோடியம் மிச்சப்படுத்தக்கூடிய தொகையே அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

அந்த 5 டாலரையும் வேறு செலவு தின்றுவிடும். சோடியம் செல்லில் அதே ஆற்றலுக்கு அதிகப் பொருள் வேண்டும்: அதிக எலக்ட்ரோலைட், அதிகத் தகடு, பெரிய உறை. கிராஃபைட்டுக்குப் பதில் ஹார்டு கார்பன், அது விலை கூடியது. சீன பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் 2021-இல் அறிவித்த முதல் தலைமுறை சோடியம் செல் கிலோவுக்கு 160 வாட்-மணி, 2025-இல் அறிவித்தது 175. நல்ல முன்னேற்றம், எல்எஃப்பியை எட்டிப் பிடித்தாயிற்று. ஆனால் எல்எஃப்பியும் அங்கேயே நிற்கவில்லை.

விளைவு கண்முன்னே இருக்கிறது. அமெரிக்காவின் நாட்ரான், பிரஷ்யன் நீலத்தில் வேலை செய்த நிறுவனம், 2024 ஆகஸ்டில் வட கரோலினாவில் 140 கோடி டாலர் தொழிற்சாலை அறிவித்தது. 2025 செப்டம்பரில் கதவை மூடியது. இன்னொரு சோடியம் நிறுவனமான பெட்ராக் மெட்டீரியல்ஸ் அதற்கு முன்பே ஏப்ரலில் மூடிவிட்டது. வேதியியலில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. இன்னொரு உலோகத்தின் விலையைப் பணயம் வைத்த வியாபாரம், அந்த விலை எதிர்ப்பக்கம் போனது.

அதனால் சோடியம் நிறுவன அறிக்கையைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: லித்தியம் கார்பனேட் எந்த விலையில் இருந்தால் இவர்களுக்கு லாபம்? டன் 1.5 லட்சம் யுவான் என்றால் வித்தியாசம் 90 யுவான் ஆகிவிடும், அப்போது பேச்சு வேறு. அந்த எண்ணை வெளிப்படையாகச் சொல்லாத நிறுவனத்தின் பங்கு, மறைமுகமாக வாங்கிய லித்தியம் சரக்குச் சந்தைப் பந்தயம்தான்.

#7 | நீண்டபயணம்

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். எல்எஃப்பியையும் ஒருகாலத்தில் இப்படித்தான் தள்ளி வைத்தார்கள்: ஆற்றல் குறைவு, காருக்கு ஆகாது என்று. இன்று சீனாவில் ஓடும் புதிய மின்சார வண்டிகளில் பெரும்பகுதி எல்எஃப்பி. 2012-இல் விற்றுவிட்டுப் போனவன் ஏமாந்தானா இல்லையா? குளிரில் சோடியத்தின் செயல்பாட்டுக்கு எல்எஃப்பி பக்கத்தில்கூட வராது. ஹூபேயில் 2024-இல் 50 மெகாவாட் / 100 மெகாவாட்-மணி சோடியம் நிலையம் மின்கட்டமைப்பில் இணைந்து ஓடுகிறதே, அது ஆய்வுக்கூடமா?

#8 | கணக்கன்

நீண்டபயணம் கேட்டது நியாயமான கேள்வி. அந்த உதாரணத்தையே கடைசி வரை கொண்டுபோவோம்.

எல்எஃப்பியை அமெரிக்காவில் வணிகமாக்கியது ஏ123 சிஸ்டம்ஸ். 2009-இல் பங்குச் சந்தைக்கு வந்தது, அமெரிக்க அரசின் 24.9 கோடி டாலர் மானியமும் கையில். 2012 மார்ச்சில் மிச்சிகன் ஆலையில் ஒரு வெல்டிங் இயந்திரம் சரியாக அளவு திருத்தப்படாததால் பழுதான செல்கள் வெளியே போனது தெரியவந்தது. மாற்றிக் கொடுக்க மதிப்பிட்ட செலவு 5.5 கோடி டாலர். அக்டோபரில் திவால். சீனாவின் வான்ஷியாங் வாங்கிக்கொண்டது. எல்எஃப்பி ஜெயித்தது, அதை முதலில் நம்பிய பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தொழில்நுட்பம் சரியா என்பது ஒரு கேள்வி, இந்த நிறுவனம் அதுவரை உயிரோடு இருக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

பழுது விகிதம் எவ்வளவு சின்ன எண் என்பதைக் காட்டுகிறேன். செவர்லே போல்ட் மின்சாரக் காரின் பேக்கில் 288 செல்கள். திரும்பப் பெறப்பட்ட கார்கள் சுமார் 1,42,000. பெருக்கினால் 4 கோடியே 9 லட்சம் செல்கள். பத்து லட்சத்தில் ஒரு செல் பழுது என்று வைத்தாலே 41 கார்களில் ஆபத்து. எந்த 41 என்று தெரியாததால் எல்லாவற்றையும் திரும்ப அழைக்க வேண்டும். அங்கே கண்டுபிடிக்கப்பட்ட பழுது: கிழிந்த ஆனோடு டேப், மடிந்த செபரேட்டர், இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து வருவது. செலவு சுமார் 200 கோடி டாலர், அதில் 190 கோடி வரை தர, செல்லைத் தயாரித்த எல்ஜி ஒப்புக்கொண்டது. எல்ஜியால் தாங்க முடிந்தது. கையிருப்பு 80 கோடி டாலர் மட்டுமே உள்ள புதிய நிறுவனத்துக்கு இது ஒரே அடியில் சாவு.

வாரண்டி ஒதுக்கீடு என்ற வரியை அதனால்தான் முதலில் தேடச் சொல்கிறேன். விற்பனை ஏறியும் அந்த ஒதுக்கீடு ஏறவில்லை என்றால் லாபம் என்று காட்டியதில் ஒரு பங்கு கடன்.

#9 | செல்_லைன்

இரண்டாவது கேள்விக்கு, பணம் எங்கே கரைகிறது என்பதற்கு, ஒரே சொல்லில் பதில்: யீல்டு, அதாவது தயாரித்ததில் தேறும் பங்கு. ஸ்வீடனின் பேட்டரி நிறுவனமான நார்த்வோல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெலெஃப்டியோ ஆலையின் முதல் கட்ட இலக்கு ஆண்டுக்கு 16 கிகாவாட்-மணி. வெளியே வந்தது அதில் மிகச் சிறு பங்கு. 2024 ஜூனில் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது, நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு, 2025 மார்ச்சில் ஸ்வீடனிலேயே திவால். புதிய வேதியியல் எதுவும் இல்லை அங்கே, தெரிந்த என்எம்சி. அதற்கே இந்தக் கதி என்றால், பீங்கான் தாளைக் கிழியாமல் பல கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய திட-நிலை லைனை நினைத்துப் பாருங்கள்.

பூச்சு, கேலண்டரிங் (உருளையில் அழுத்தல்), வெட்டு, அடுக்கு, வெல்டிங், எலக்ட்ரோலைட் நிரப்பல், ஃபார்மேஷன் (முதல் சார்ஜ்) என்று ஏழு படி. ஒவ்வொன்றிலும் 98 சதவீதம் தேறினாலும் கடைசியில் கையில் நிற்பது 87 சதவீதம். 95 தேறினால் 70. நூற்றுக்கு முப்பது செல் கழிவு. பொருள் செலவு முழுவதும் ஏற்கனவே போட்டாயிற்று, ஏனென்றால் பழுது பெரும்பாலும் தெரியவருவது கடைசிப் படியான ஃபார்மேஷனில்தான். சல்ஃபைடு என்றால் இத்தனையையும் பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே உள்ள டிரை ரூமில் செய்ய வேண்டும். ஆள் ஒருவர் உள்ளே போய் மூச்சுவிட்டாலே ஈரம் ஏறும். காற்றை உலர்த்தும் கரண்ட் பில் தனி.

அடுத்து சுழற்சி எண்ணை, அதாவது எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்பதை, சோதிக்கும் வழி. கூலோம்பிக் திறன் (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) என்று ஒன்றைச் சொல்வார்கள். 99.9 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆனோடே இல்லாத வடிவமைப்பில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு லித்தியம் போய்விடுகிறது. சுமார் 220 சுழற்சியில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 99.98 இருந்தால்தான் 1,100 தாண்டும். அறிவிப்பில் இரண்டு தசம இடம் இல்லை என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

#10 | வரவுசெலவு

திட-நிலை நிறுவனமான குவாண்டம்ஸ்கேப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2020 டிசம்பரில் 130 டாலரைத் தொட்டுவிட்டு ஐந்துக்கும் கீழே போய் வந்த பங்கு. சொந்தமாக ஆலை கட்டாமல் தொழில்நுட்ப உரிமம் விற்கும் வழிக்கு மாறியது நல்லதா கெட்டதா?

#11 | கணக்கன்

என் கருத்தில் நல்லது, ஆனால் லாபத்தின் உச்சவரம்பு குறைந்தது. ஃபோக்ஸ்வாகனின் பேட்டரிக் கிளையான பவர்கோவோடு 2024 ஜூலையில் போட்ட ஒப்பந்தப்படி, பவர்கோ ஆண்டுக்கு 40 கிகாவாட்-மணி வரை தயாரிக்கலாம், 80 வரை ஏற்றலாம். நிபந்தனைகள் நிறைவேறினால் 13 கோடி டாலர் முன்பண ராயல்டி. ஆலை கட்டும் செலவு ஒரு கிகாவாட்-மணிக்கு 7 முதல் 10 கோடி டாலர் ஆகும் தொழிலில், 40-க்கு 280 முதல் 400 கோடி. அதைத் தோளில் சுமக்காமல் இருப்பது உயிர்பிழைக்கும் வழி. பதிலுக்கு, ஒரு கிலோவாட்-மணிக்குச் சில டாலர் ராயல்டிதான் வரும். ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க்என்ஈஎஃப் கணக்கில் 2024 சராசரி பேக் விலை கிலோவாட்-மணிக்கு 115 டாலர். மொத்த விலை இறங்கும்போது ராயல்டியும் நெருக்கப்படும். பங்கின் சந்தை மதிப்பை எடுத்து, நீங்கள் நம்பும் ராயல்டியால் வகுத்து, எத்தனை கிகாவாட்-மணி விற்றால் அது நியாயப்படும் என்று பாருங்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆண்டுக்கு 80 வீதம், நீங்கள் காத்திருக்கும் ஆண்டுகளில் விற்கக்கூடியதைவிட விடை பெரிதாக வந்தால், இன்னும் கையெழுத்தாகாத வாடிக்கையாளருக்கு இன்றே பணம் கொடுக்கிறீர்கள்.

பங்கு எண்ணிக்கையையும் வருடா வருடம் குறித்து வையுங்கள். வருமானம் இல்லாத நிறுவனம் புதுப் பங்கு அச்சிட்டுத்தான் சம்பளம் கொடுக்கும். கையிருப்பை ஆண்டுச் செலவால் வகுத்தால் எத்தனை ஆண்டு உயிர் என்று வரும். அது அவர்கள் சொல்லும் உற்பத்தி ஆண்டுக்கு முன்பே முடிந்தால், நடுவில் நீர்த்துப்போவது நிச்சயம்.

#12 | தீ_தடுப்பு

விதிமுறை பக்கமும் ஒரு வார்த்தை. சீனாவின் மின்வண்டி பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஜிபி 38031-2025, 2026 ஜூலை 1 முதல் புதிய மாடல்களுக்கு அமல். ஒரு செல்லை வேண்டுமென்றே கட்டுமீறச் செய்தபின் இரண்டு மணி நேரத்துக்குத் தீயும் வெடிப்பும் இருக்கக் கூடாது. முந்தைய விதி, பயணிகள் இறங்க ஐந்து நிமிட எச்சரிக்கை போதும் என்றது. வேதியியலை மாற்றாமலேயே ஏரோஜெல் தடுப்பு, வாயு வெளியேறும் பாதை, குளிர்த் தகடு ஆகியவற்றால் இதைத் தாண்ட முடிகிறது. அப்படியானால் "நாங்கள் மட்டுமே பாதுகாப்பு" என்று சொல்லும் புதிய நிறுவனத்தின் தனித்தன்மை கரைகிறது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான், உயிர்கள் பிழைக்கும். முதலீட்டாளர் மட்டும் கணக்கை மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் 2022 வசந்தத்தில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தபின் பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ்-156 இரண்டு கட்டமாக, 2022 டிசம்பர் 1-லும் 2023 மார்ச் 31-லும் இறுகியது. வெப்பப் பரவல் சோதனை, செல்களுக்கிடையே இடைவெளி, எச்சரிக்கை ஒலி எல்லாம் அதில் உண்டு. சான்றிதழ் வாங்கிய பேக்கும் விற்பனையாகும் பேக்கும் ஒரே செல் ஆலையிலிருந்து வந்தவையா என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

#13 | நீண்டபயணம்

இந்தியப் பங்குகளுக்கு வந்ததால் கேட்கிறேன்: பேட்டரி செல் தயாரிப்புக்கு அரசின் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் இருக்கிறதே, அதில் கிருஷ்ணகிரி போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலையே வந்துவிட்டதே?

#14 | கணக்கன்

அந்தத் தொகை முன்பணம் இல்லை. தயாரித்து விற்ற பிறகுதான் வரும், உள்நாட்டு மதிப்புக்கூட்டல் இரண்டு ஆண்டில் 25 சதவீதமும் ஐந்து ஆண்டில் 60 சதவீதமும் எட்ட வேண்டும். அதை ஏற்கனவே கிடைத்த வருமானமாக மதிப்பீட்டில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று தொழில்நுட்ப உரிமம். அமர ராஜா, எக்ஸைட் இரண்டும் சீன நிறுவனங்களான கோஷன், எஸ்வோல்ட் ஆகியவற்றிடமிருந்து முறையே எடுத்திருக்கின்றன. பிரிட்டனின் சோடியம்-அயனி நிறுவனமான ஃபாரடியனை ரிலையன்ஸ் 10 கோடி பவுண்டுக்கு முழுதாக வாங்கியது. உரிமம் எடுப்பதும் சொந்தமாக வைத்திருப்பதும் வேறு வேறு நிலைமை. 2025 ஜூலையில் எல்எஃப்பி கேத்தோடு தயாரிப்பு நுட்பத்தைச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமத்தில் செல் மட்டுமா, கேத்தோடு தூளும் உண்டா, சீனப் பொறியாளர்கள் எத்தனை மாதம் ஆலையில் இருப்பார்கள் என்று நிறுவனக் கூட்டத்தில் கேட்கும் உரிமை பங்குதாரருக்கு உண்டு. தயவுசெய்து கேளுங்கள்.

#15 | வரவுசெலவு

கடைசியாக ஒன்று. செல்_லைன், திட-நிலை நிறுவனத்தின் அறிவிப்பு நாளை காலை வந்தால் முதலில் எந்த எண்ணைத் தேடுவீர்கள்?

#16 | செல்_லைன்

அழுத்தம். வரைபடத்தின் அடியில் சின்ன எழுத்தில் மெகாபாஸ்கல் என்று இருக்கும். லித்தியம் உலோகம் ஏறி இறங்கும்போது செல் வீங்கிச் சுருங்கும், படலங்கள் பிரியாமல் இருக்க வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். 1 மெகாபாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 10 கிலோ. உள்ளங்கை அகலச் செல், 10 சென்டிமீட்டருக்கு 10 என்றால், ஒரு டன். 5 மெகாபாஸ்கல் என்றால் ஐந்து டன். அதைத் தாங்கும் எஃகுத் தகடும் போல்ட்டும் பேக்குக்குள் போனால் செல்லில் மிச்சப்படுத்திய எடை அங்கே போய்விடும்.

அதே வரியில் வெப்பநிலையைப் பாருங்கள். 45 அல்லது 60 டிகிரி என்றால் வண்டி கிளம்பும் முன் பேட்டரியைச் சூடாக்க வேண்டும். பாலிமர் வகையில் 50-க்கும் மேல் எப்போதும் வைத்திருக்க வேண்டும். பிறகு சார்ஜ் வேகம், செல்லின் ஆம்பியர்-மணி, எத்தனை செல்களின் சராசரி. அழுத்தமும் வெப்பநிலையும் அச்சிடாமல் சுழற்சி எண்ணை மட்டும் போட்டிருந்தால் முதலீட்டாளர் தொடர்பு மின்னஞ்சலுக்கு அந்த இரண்டையும் கேட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை வாங்க அவசரமில்லை.